விடிய விடிய ஷோ வாசிக்க எந்த கேஜ் ஸ்ட்ரிங் கைக்கு லேசு?

கேள்வி இதுதான்: "மியூசிக் க்ரூப் ஒண்ணுல புதுசா லீட் கிட்டார் வாசிக்கிறேன், திருவிழா ஷோ அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல போகுது, 11-49 செட் போட்டிருக்கேன், மூணாவது மணித்தியாலத்துலயே இடது கை இறுகிடுது, எதுக்கு மாறலாம்?"

தம்பி, 9-46 போடுங்க, அதாவது முதல் கம்பியோட தடிப்பு (கேஜ்) 9, ஆறாவது கம்பியோடது 46. கடையில ஹைப்ரிட் செட்னு கேட்டா எடுத்துத் தருவாங்க. மெல்லிசு கம்பி மூணும் 9 செட்டோடது (9, 11, 16), தடிச்ச கம்பி மூணும் 10 செட்டோடது (26, 36, 46). நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் 16 வருசமா கலியாண வீடு, கோயில் திருவிழா, ஏப்ரல் மாசம் நுவரெலியா சீசன் ஷோனு வாசிச்சிட்டு வர்றேன், எல்லா கேஜும் போட்டுப் பார்த்து கடைசியா இதுலதான் வந்து நின்னேன்.

காரணம் என்னன்னா நம்ம ஊர் மேடையில கிட்டார்காரருக்கு ஒரே ராத்திரியில ரெண்டு வேலை. பைலா (நம்ம ஊர் ஆட்டப்பாட்டு) தொடங்கினா அரை மணித்தியாலம் நிப்பாட்டாம 6/8 தாளத்துல வலது கை அடிச்சிக்கிட்டே இருக்கணும், சனம் ஆடுறத பார்த்தா கை தானாவே பலமா விழும், அப்ப ஆறாவது கம்பி 42 மாதிரி மெல்லிசா இருந்தா தளதளன்னு ஆடி ஸ்ருதி மேல ஏறி இறங்கும். அடுத்த பாட்டே ஒரு பழைய தமிழ் மெலடி வரும், அதுல இன்டர்லூட் பூரா கமகம், கம்பிய தள்ளித் தள்ளி இழுத்து வாசிக்கணும், அங்க தடிச்ச கம்பி இருந்தா விரல் செத்துடும். ஒரு பக்கம் பாரமும் ஒரு பக்கம் லேசும் வேணும். அதுக்குத்தான் இந்த செட்.

நீங்க இப்ப படுற கஷ்டத்த நானும் பட்டிருக்கேன். மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல மாரியம்மன் திருவிழா, தேர் சுத்தி வந்து சேரவே ராத்திரி பதினொரு மணி, அதுக்கப்புறம்தான் எங்கள மேடைக்கு ஏத்தினாங்க. பனி இறங்கி ஆம்ப் மேல போட்டிருந்த துணி பிழிஞ்சா தண்ணி வர்ற மாதிரி இருந்துச்சு. தடிச்ச கம்பிலதான் சவுண்ட் இருக்குனு ஒரு மூத்தவர் சொன்னத நம்பி நானும் 11தான் போட்டிருந்தேன். ரெண்டரை மணிக்கு ஒரு மெலடி, இன்டர்லூட்ல மூணாவது கம்பிய ஒரு முழு ஸ்வரம் தள்ளி நாலு எண்ணிக்கை நிறுத்தணும். தள்ளுறேன், விரல் போகுது, ஸ்வரம் போகல, முக்கால்வாசில நின்னுடுச்சு. மோதிர விரல் நுனியில கம்பி பதிஞ்ச கோடு வெள்ளையா ஆழமா நிக்குது, கட்டைவிரல் அடியில பிடிச்ச வலி முழங்கை வரைக்கும் ஏறுது. பாடிக்கிட்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாங்க. முன்னால கம்பளி போர்த்திக்கிட்டு, புள்ளைங்கள மடியில தூங்கப் போட்டுக்கிட்டு, விடிஞ்சா கொழுந்து பறிக்கப் போகவேண்டிய சனம் உக்காந்து கேக்குது, அவங்களுக்குப் போய் ஸ்ருதி விலகின ஸ்வரத்த குடுத்துட்டோமேன்னு இன்னைக்கும் மனசு கேக்கல.

இப்ப கணக்குக்கு வாங்க. கேஜ்னு சொல்ற நம்பர் அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, 10ன்னா 0.254 மில்லிமீட்டர். ஒண்ணு ரெண்டு கூடினா என்ன ஆகப்போகுதுன்னு தோணும், ஆனா ஒரே ஸ்ருதிக்கு கம்பியோட இழுவை அதோட தடிப்பு கூடுற அளவுக்கு இல்ல, அந்த தடிப்போட வர்க்கத்துக்கு கூடும். அதனால 11லருந்து 9க்கு வந்தா முதல் கம்பில மூணுல ஒரு பங்கு இழுவை போயிடும், மூணாவது கம்பி 18லருந்து 16 ஆகும்போது அஞ்சுல ஒரு பங்கு குறையும். ஸ்ட்ராட் மாதிரி 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்) கிட்டார்ல மொத்தமா பார்த்தா 10-46 செட் ஏறக்குறைய 46 கிலோ இழுக்கும், 9-42 ஏறக்குறைய 38 கிலோ, 9-46 ரெண்டுக்கும் நடுவுல. உங்ககிட்ட இருக்கிறது லெஸ் பால் மாதிரி 24.75 அங்குலம்னா அதே செட்டே நூத்துக்கு ஆறு பங்கு லேசா இருக்கும், அப்ப 10-46 போட்டாலும் சமாளிக்கலாம்.

மெல்லிசு கம்பின்னா சவுண்ட் வராதுங்கிற பேச்ச விட்ருங்க. ZZ டாப் பேண்டோட கிட்டார்காரர் பில்லி கிப்பன்ஸ் 7 போட்டு வாசிக்கிறவரு, அவரு சவுண்ட மெல்லிசுன்னு யாரும் சொல்லமாட்டாங்க. ப்ளூஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான் 13 போட்டாரேன்னு உதாரணம் காட்டுறவங்க, அவரு கிட்டார அரை ஸ்வரம் இறக்கி வச்சிருந்தத சொல்றதில்ல, அப்படியும் விரல் நுனி பிஞ்சு பசை போட்டு ஒட்டிக்கிட்டு வாசிச்சவரு அவரு. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சவரு பிளாக் சப்பாத் பேண்டோட கிட்டார்காரர் டோனி அயோமி. 1965ல, 17 வயசுல, பர்மிங்ஹாம்ல ஒரு தகர ஃபெக்டரி மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அதுவும் ஃப்ரெட் (கழுத்துல குறுக்கால இருக்கிற உலோகக் கட்டை) அமுக்குற கையில. பிளாஸ்டிக் போத்தல உருக்கி விரலுக்கு மூடி செஞ்சு, மெல்லிசு செட் கிடைக்காம பாஞ்சோ கம்பிய போட்டு, பிறகு ஸ்ருதியையும் இறக்கி வாசிச்சாரு, பிளாக் சப்பாத்தோட அந்த கனமான சவுண்ட் அந்தக் கையிலதான் வந்துச்சு. தேயிலை ஃபெக்டரி மெஷின்ல விரல குடுத்தவங்கள பார்த்து வளர்ந்தவன் நான், அதனால அவரு கதை எனக்கு ரொம்ப கிட்ட.

ஸ்ருதி இறக்குறது நமக்கும் ஆகும். அரை ஸ்வரம் இறக்கினா எல்லா கம்பிலயும் நூத்துக்கு பதினொரு பங்கு இழுவை குறையும், கீபோர்ட்காரர் ட்ரான்ஸ்போஸ் பட்டன ஒண்ணு இறக்கினா போதும், பேஸ்காரரும் இறக்கணும், பாடுறவங்ககிட்ட முன்கூட்டியே கதைச்சுக்கோங்க. இருக்கிற செட்ட மாத்த இப்ப காசு இல்லன்னா முதல்ல இத செய்யுங்க.

ஆனா ஒண்ணு, கம்பிய மட்டும் மாத்திட்டு மேடை ஏறிடாதீங்க. 11க்கு செட் பண்ணின கிட்டார்ல 9-46 போட்டா இழுவை குறைஞ்சு கழுத்து பின்னால சாயும், முதல் ரெண்டு மூணு ஃப்ரெட்ல ஜிர்ருன்னு அடிக்கும், ட்ரஸ் ராட (கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பி) கொஞ்சம், கால் சுத்துக்கு மேல போகாம, தளர்த்தணும். ட்ரெமலோ பிரிட்ஜ (ஸ்வரத்த ஆட்டுற கைப்பிடி இருக்கிற பிரிட்ஜ்) மிதக்குற மாதிரி வச்சிருந்தா பின்னால இருக்கிற ஸ்ப்ரிங்கையும் தளர்த்தணும், இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்லயும் ஸ்ருதி சரியா நிக்குதான்னு) திரும்ப பார்க்கணும். ஷோ வாசிக்கிறவங்க பிரிட்ஜ பாடியோட ஒட்டி உக்கார வச்சிருங்க, ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் ஸ்ருதி மாறாது. 12வது ஃப்ரெட்ல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ஒன்றரை, ரெண்டு மில்லிமீட்டர் இருந்தா போதும், அதுக்கு மேல தூக்கி வச்சா 8 போட்டாலும் கை வலிக்கும். கைய இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் இருந்தா மெல்லிசு கம்பில ஸ்ருதி மேல போயிடும், முதல் ரெண்டு வாரம் அதையும் கவனிங்க.

நம்ம பக்கத்து குளிரும் ஈரமும் தனி. குளிர்ல கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறும், லைட் சூட்டுலயும் கை சூட்டுலயும் இறங்கும், அதனால மேடைக்கு ஏறினதும் ஒருக்கா, ரெண்டு பாட்டு முடிஞ்சு ஒருக்கா ட்யூன் பாருங்க. பனியில மெல்லிசு கம்பிதான் முதல்ல துருப்பிடிக்கும், துருப்பிடிச்ச கம்பி விரல அரம் மாதிரி அறுக்கும், ஒவ்வொரு பிரேக்குலயும் காஞ்ச துணியால அடிப்பக்கமும் சேர்த்து துடைங்க. ஃப்ளாஸ்க்ல பிளேன்டீ வச்சுக்கோங்க, குடிக்கிறதுக்கு முன்னால கோப்பைய இடது கையால ஒரு நிமிசம் சுத்திப் பிடிச்சுக்கிட்டு இருங்க.

செட் உங்க கைக்கு சரியான்னு பார்க்க நான் செய்றது இது. ப்ராக்டிஸ் தொடங்குறப்ப மூணாவது கம்பி ஏழாவது ஃப்ரெட்ட ஒரு முழு ஸ்வரம் தள்ளி நாலு எண்ணிக்கை நிறுத்துவேன், முதல் கம்பிய ஓப்பனா தட்டினா அதே ஸ்வரம் வரணும். ரெண்டு மணித்தியாலம் கழிச்சு, கை களைச்ச பிறகு, அதே இடத்துல திரும்ப தள்ளுவேன். அப்பவும் ரெண்டும் ஒண்ணா நின்னா அந்த செட்டோட ஷோவுக்குப் போவேன். இல்லன்னா ஒரு நம்பர் இறக்குவேன்.