லத்தீன் 'ஃபெரோ' வினையின் பொருள் என்ன? 'துலி', 'லாத்தும்' எப்படி அதன் வடிவங்கள் ஆகும்?

'ஃபெரோ' என்றால் 'சுமக்கிறேன்'. கொண்டுவருதல், பொறுத்துக்கொள்ளுதல் என்ற பொருள்களும் உண்டு. நம் 'தாங்கு' போலத்தான்: தூணும் தாங்கும், மனசும் தாங்கும். 'ஃபெருந்த்' (சுமக்கிறார்கள்) என்பது சில இடங்களில் 'என்று சொல்கிறார்கள்' என்றும் பொருள் தரும்.

நிகழ்காலம்: ஃபெரோ, ஃபெர்ஸ், ஃபெர்த், ஃபெரிமுஸ், ஃபெர்திஸ், ஃபெருந்த். தமிழைப் போலவே விகுதியிலேயே நான், நீ, அவன் எல்லாம் அடங்கிவிடும். ஏவல் வெறும் 'ஃபெர்'.

குழப்பம் இறந்தகாலத்தில்தான். 'சுமந்தேன்' என்பதற்கு 'துலி'. 'சுமந்தான்' என்றால் 'துலித்'. லத்தீன் அகராதிகள் ஒரு வினைக்கு நான்கு அடிப்படை வடிவங்களைத் தரும்; அதில் நான்காவது 'லாத்தும்' ('சுமக்கப்பட்டது'). ஒலியில் ஒட்டே இல்லை, காரணம் இங்கே இரண்டு வேர்கள் கலந்திருக்கின்றன. 'துலி' தூக்குதல் என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தது. அதே வேரில் பிறந்த 'லாத்தும்' முன்பு 'த்லாத்தும்' என்று இருந்து, முதல் 'த்' உதிர்ந்துபோனது. ஆக அவை இரண்டும் உடன்பிறப்புகள், 'ஃபெரோ'தான் வேறு வீட்டுப் பிள்ளை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு இந்த வினை மறக்கவே இல்லை.

ஆங்கில 'டிரான்ஸ்ஃபர்', 'டிரான்ஸ்லேட்' இரண்டும் இந்த ஒரே வினையின் இரு வடிவங்கள்தான். 'அக்கரைக்குச் சுமந்து செல்' என்பதுதான் மொழிபெயர்ப்பு! அப்புறம், எனக்கு மிகவும் பிடித்தது: 'ஃபெர்' வேரும் சமஸ்கிருத 'ப்ரு' வேரும் ஒன்றே. அந்த வேரில் பிறந்த 'பாரம்' நம் வாயில் தினமும் புழங்குகிறது.