பிரபஞ்சம் அழிந்து அழிந்து மறுபடி பிறக்கிறதா?

புராணத்தில் பிரளயம் வந்து உலகம் மறுபடி பிறப்பதுபோல, பெருவெடிப்புக்கு முன்னாலும் ஒரு பிரபஞ்சம் இருந்திருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் வளர்ந்தவன். எங்கள் உருளைக்கிழங்குத் தோட்டத்து மேட்டில் ஏறினால் எதிர்ச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி தெரியும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வளைந்த 24 சட்டங்களின்மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். உறைபனி கொட்டிய காலையில் வெயில் ஏற ஏற அத்தனை கம்பியும் சேர்ந்து மின்னும். இதை அமைத்த வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. சரிவு ஏறக்குறைய 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் அதே 11. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு விண்பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

உங்கள் கேள்விக்கு இங்கேயும் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று வானியலாளர் ஹாயில் போன்றவர்கள் 1948 முதல் சொல்லிவந்தார்கள். 1970-ல் இந்தத் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. ரேடியோ அலைகளை வீசும் ஒரு விண்பொருளை, அதாவது ரேடியோ மூலத்தை, நிலா மறைக்கும்போது சிக்னல் எப்படி விழுகிறது என்று பார்த்து, அந்த மூலத்தின் அளவைக் கணக்கிட்டார்கள். இப்படிப் பல நூறு மூலங்கள். 1975-ல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் வெளியிட்ட முடிவு: வெகு தொலைவில், அதாவது வெகு காலத்துக்கு முன் இருந்தவை, இன்றுள்ளவை போல இல்லை. பிரபஞ்சம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மாறியது சரி, சுழல்கிறதா? அங்கேதான் சிக்கல். விரிந்து சுருங்கும் ஒவ்வொரு சுற்றிலும் என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, சேர்ந்துகொண்டே போகும், அதனால் அடுத்த சுற்று இன்னும் நீளும் என்று இயற்பியலாளர் டோல்மன் 1930-களில் காட்டினார். பின்னோக்கிப் போனால் சுற்றுகள் குறுகிக் குறுகி, ஒரு தொடக்கத்தில் போய் முட்டும். ஸ்டைன்ஹார்ட், டூராக் என்ற இரு இயற்பியலாளர்கள் 2002-ல் இதற்கு வழி சொன்னார்கள்: நீண்ட விரிவு பழைய என்ட்ரோபியை நீர்த்துப்போக வைத்துவிடும்.

கல்பம் 432 கோடி ஆண்டு என்ற புராணக் கணக்கை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். பெருவெடிப்பிலிருந்து மட்டுமே 1,380 கோடி ஆண்டு ஆகிவிட்டது. சோதனை வேறிடத்தில் நடக்கிறது. பிரபஞ்சம் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பிரம்மாண்டமாக விரிந்தது என்பது பெருவீக்கக் கொள்கை. அதன் பல வடிவங்கள், அப்போது வெளியில் எழுந்த அதிர்வுகளான ஆதி ஈர்ப்பலைகளின் தடம், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்புலத்தில் இருக்கும் என்கின்றன. சுழற்சி மாதிரியில் அது அளக்க முடியாத அளவு மெலிந்திருக்கும். 2014-ல் தென்துருவத்துத் தொலைநோக்கியில் அந்தத் தடத்தைக் கண்டுவிட்டதாக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்; அதில் பெரும்பகுதி நம் பால்வெளித் தூசி என்று பிறகு தெரிந்தது. தேடல் நிற்கவில்லை. அந்தத் தடம் உறுதியாகச் சிக்கினால் ஸ்டைன்ஹார்ட், டூராக் சொன்ன சுழற்சி அதோடு விழுந்துவிடும்.