பிரசவத்துக்குப் பின் கருப்பை புரண்டால்: கேள்வி பதில்

யாங்கோனில் மகப்பேறு தாதியாக இருக்கும் சகோதரி நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறார்.

பெகு வாசகி: சயாமா, எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியோடு கருப்பையும் வெளியே வந்துவிட்டதாம். நடக்குமா?

நடக்கும், ஆனால் பல ஆயிரம் பிரசவங்களில் ஒன்றில்தான். துணிப்பையை உள்பக்கம் வெளியே வரப் புரட்டுவது போல, கருப்பையின் மேல்பகுதி அதன் வாய் வழியாக இறங்கிவிடுகிறது. நஞ்சு பிரியும் முன் தொப்புள்கொடியை இழுப்பதும், தளர்ந்த கருப்பையை மேலிருந்து அமுக்குவதும் காரணமாகலாம். யாரும் இழுக்காமலே வருவதும் உண்டு. அதனால் விசாரிக்காமல் பிரசவம் பார்த்தவர்மேல் பழி போடாதீர்கள்.

மோல்மீன் பக்கத்துச் சுகாதார ஊழியர்: அக்கா, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் என்ன செய்வது?

வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், தம்பி. பிள்ளை பிறந்ததும் தொப்புள் பக்கத்தில் கெட்டியான உருண்டை தட்டுப்பட வேண்டும். அது இல்லாமலோ, அங்கே குழி விழுந்தோ இருந்தால், தாயும் வலியில் துடித்தால், சந்தேகப்படுங்கள். போன ரத்தத்துக்குப் பொருந்தாத அளவுக்கு அவள் வெளிறி மயங்குவதும் உண்டு.

நஞ்சு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது, ரத்தம் கொட்டிவிடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து ஓடினால் நிறுத்துங்கள். ட்ரிப் போடுங்கள், ஆள் கூப்பிடுங்கள். பயிற்சி உள்ளவர் உடனே கையுறை போட்டு, உள்ளங்கையால் தொப்புளை நோக்கி மேலே தள்ள வேண்டும். தாமதித்தால் கருப்பை வாய் இறுகிவிடும், அப்புறம் கை போகாது. பயிற்சி இல்லையென்றால், சுத்தமான ஈரத் துணியால் மூடி, கால்களை உயர்த்திப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அதே ஊழியர்: கையால் முடியாவிட்டால்?

கருப்பையைத் தளர்த்தும் மருந்தோ முழு மயக்க மருந்தோ கொடுத்து மறுபடி முயல்வார்கள். 1945இல் ஓ சல்லிவன் என்ற மருத்துவர் சொன்ன முறையும் இருக்கிறது: வெதுவெதுப்பான சலைன் உப்புநீரை யோனிக்குள் விட்டு, ஒழுகாமல் அடைத்தால், நீரின் அழுத்தமே கருப்பையை மேலே ஏற்றிவிடும். அதுவும் பலிக்காவிட்டால் வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டியதுதான். கையால் தள்ளிக் கருப்பை உள்ளே போனதும் கையை உருவிவிடாதீர்கள். ஆக்சிடோசின் கொடுத்து, கருப்பை கெட்டியாகச் சுருங்கும்வரை கை உள்ளேயே இருக்கட்டும்.

யாங்கோன் மாமியார் ஒருவர்: மருமகளுக்கு இப்படி ஆயிற்று. அடுத்த பிள்ளை பெறலாமா?

பெறலாம், அம்மா. மறுபடி வர வாய்ப்பு இருப்பதால் வீட்டுப் பிரசவம் வேண்டாம். கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.