இரண்டு புள்ளிகள் தெரிந்தால் நேர்கோட்டின் சமன்பாட்டை எப்படிக் காண்பது? சூத்திரம் மனதில் நிற்பதே இல்லை

நீங்கள் தந்திருக்கும் புள்ளிகள் (2, 5), (6, 13). சூத்திரத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனாலும் பரீட்சை மண்டபத்தில் வகுத்தலில் எது மேலே, எது கீழே என்று குழம்பிவிடுகிறது என்கிறீர்கள். எனக்கும் பத்தாம் ஆண்டில் அதே வியாதிதான். ரியூசன் கொட்டிலில் ஒருநாள் கரும்பலகைக்குக் கூப்பிட்டபோது வகுத்தலைத் தலைகீழாகப் போட்டுவிட்டு நின்றேன். கணக்குச் சேர் ஒன்றும் சொல்லவில்லை, டஸ்டரை மட்டும் நீட்டினார்.

முதலில் உங்கள் கணக்கை முடித்துவிடுவோம். எக்ஸ் 2 இலிருந்து 6 க்குப் போகிறது, அதாவது 4 கூடுகிறது. அதே நேரம் வை 5 இலிருந்து 13 க்குப் போகிறது, 8 கூடுகிறது. 4 அடி நடந்தால் 8 அடி ஏற்றம் என்றால், ஓர் அடிக்கு 2. இதுதான் படித்திறன் (தமிழ்நாட்டுப் புத்தகங்களில் சாய்வு என்று இருக்கும்). ஆகவே வை = 2எக்ஸ் + ஏதோ ஒன்று. எக்ஸ் 2 ஆகும்போது 2எக்ஸ் என்பது 4. வை 5 ஆக வேண்டும், 1 குறைகிறது. அந்த 1 தான் வெட்டுத்துண்டு, அதாவது எக்ஸ் பூச்சியமாகும்போது வை இருக்கும் அளவு. சமன்பாடு: வை = 2எக்ஸ் + 1. மற்றப் புள்ளியில் பார்த்தால் 2 × 6 + 1 = 13. சரி.

சூத்திரம் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? இந்த வழி எனக்குப் பிடிபட்டது கொட்டிலில் இல்லை, வீட்டில்.

1990 களின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதும் பெரும்பாடு. அநேகமான வீடுகளில் ஜாம் போத்தல் விளக்குத்தான். அதில் எண்ணெய் பஞ்சுக்குள் ஊறிக் கிடக்கும், எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. கோண்டாவிலில் எங்கள் வீட்டில் அதோடு ஒரு குப்பி விளக்கும் இருந்தது. அம்மம்மா அந்தப் போத்தலின் பக்கத்தில் சோற்றால் ஒரு கடதாசிக் கீலத்தை ஒட்டியிருந்தார். எண்ணெய் மட்டம் எங்கே நிற்கிறது என்று அதில் பென்சிலால் கோடு போடுவார். ஒருநாள் ஆறு மணிக்கு விளக்கேற்றி, ஏழு மணிக்கு ஒரு கோடு, ஒன்பது மணிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மோனை, ரெண்டு மணித்தியாலத்துக்கு இவ்வளவு போட்டுது. இப்பிடியே எரிஞ்சால் விடியமுன்னம் முடிஞ்சிடும், திரியை இறக்கு" என்றார்.

நான் திரியை இறக்குவதற்கு முன் அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். அடியிலிருந்து முதல் கோடு 44 மில்லிமீற்றர், அடுத்தது 32. எக்ஸ் என்பது விளக்கேற்றிய பிறகு கழிந்த மணித்தியாலம், வை என்பது எண்ணெய் மட்டம் என்று எடுத்தால் புள்ளிகள் (1, 44), (3, 32). இரண்டு மணித்தியாலத்தில் 12 இறங்கியிருக்கிறது, ஆகவே மணிக்கு 6. இறங்குவதால் படித்திறன் −6. ஒரு மணித்தியாலத்தில் 6 போய் 44 நிற்கிறது என்றால் தொடங்கும்போது 50 இருந்திருக்க வேண்டும். வை = −6எக்ஸ் + 50. மட்டம் பூச்சியமாவது 50 ÷ 6, அதாவது 8 மணி 20 நிமிடத்தில். இரவு இரண்டு இருபதுக்கு விளக்கு அணையும்! அம்மம்மா விரலால் சொன்னதையே நான் தாளில் எழுதியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

போத்தலின் பக்கங்கள் நேராக இருந்தபடியால்தான் இது சரிவந்தது. கழுத்துக் குறுகும் இடத்தில் அதே எண்ணெய்க்கு மட்டம் வேகமாக இறங்கும், அங்கே இது நேர்கோடு இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் ஒரு நேர்கோடு போடலாம், ஆனால் பொருள் அந்தக் கோட்டில்தான் நடக்கிறதா என்பது வேறு கேள்வி. பாடத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே படித்திறனை "ஒன்றுக்கு எவ்வளவு" என்றும், வெட்டுத்துண்டை "தொடக்கத்தில் எவ்வளவு" என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் என்றுதான் கேட்போம், மில்லிமீற்றருக்கு எத்தனை மணி என்று கேட்பதில்லை. அப்படிப் பழகினால் வகுத்தல் தலைகீழாகாது.

மறைக்குறிதான் அடுத்த கண்ணி. (−3, 4), (5, −12) என்று எடுங்கள். −3 இலிருந்து 5 க்கு எவ்வளவு தூரம்? அவசரத்தில் 2 என்று எழுதுகிற பிள்ளைகளை இன்றைக்கும் பார்க்கிறேன். பூச்சியத்துக்கு வர 3, அங்கிருந்து 5, மொத்தம் 8. வை 4 இலிருந்து −12 க்கு 16 இறங்குகிறது. படித்திறன் −2. முதல் புள்ளியில் −2 × −3 = 6, வர வேண்டியது 4, ஆகவே வெட்டுத்துண்டு −2. சமன்பாடு வை = −2எக்ஸ் − 2.

சரிபார்க்கும்போது வெட்டுத்துண்டு காணப் பயன்படுத்திய புள்ளியையே மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். படித்திறன் பிழையாக இருந்தாலும் அந்தப் புள்ளி பொருந்தித்தான் நிற்கும். மேலே உள்ள கணக்கில் 8 க்குப் பதில் 2 என்று எடுத்திருந்தால் வை = −8எக்ஸ் − 20 வரும். (−3, 4) இல் போட்டால் 24 − 20 = 4, பார்க்க அழகாக இருக்கும். (5, −12) இல் போட்டால் −60 வந்து குட்டு வெளிப்படும்.

எண்ணெய் விளக்கைக் காணாத இன்றைய பிள்ளைகளுக்கு நான் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைச் சொல்வேன். தண்ணீர் உறைவது 0 பாகை செல்சியஸ், 32 பாகை பாரன்ஹீட். கொதிப்பது 100, 212. இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. 100 க்கு 180 கூடுகிறது, ஒன்றுக்கு 1.8. தொடக்கம் 32. பாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. 37 ஐப் போட்டால் 98.6 வரும்.

உயர்தரத்துக்குப் போனால் வை − 5 = 2(எக்ஸ் − 2) என்ற வடிவத்தில் எழுதச் சொல்வார்கள். புதிதாக ஒன்றுமில்லை. (2, 5) இலிருந்து எவ்வளவு நகர்ந்தாலும் ஏற்றம் அதில் இரண்டு மடங்கு என்பதைத்தான் அது சொல்கிறது. விரித்தால் அதே வை = 2எக்ஸ் + 1. படித்திறன் பின்னமாக வந்தால் இந்த வடிவம் வசதி. தசமமாக்கி 0.67 என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 2/3 என்றே விடுங்கள்.

கடைசியாக, (4, 1), (4, 9) போன்ற புள்ளிகள் வந்தால் படித்திறன் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எக்ஸ் நகரவே இல்லை, பூச்சியத்தால் வகுக்க முடியாது. மேசன் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நிலைக்குத்தாக நிற்கும் கோடு அது. எக்ஸ் = 4 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.