எந்த இடத்தில் உயிரினக் காப்பகம்? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பது என்று 2022இல் உலக நாடுகள் குன்மிங்-மாண்ட்ரியல் பல்லுயிர் ஒப்பந்தம் போட்டனவே, அந்தப் பரப்பை எட்டிவிட்டால் போதாதா சார்?

பதில்: போதாது. எந்த 30 என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உலகின் பழைய காப்பகங்களில் பெரும்பங்கு உயரமான மலை, செங்குத்துச் சரிவு, சாலை எட்டாத மூலை. உழவுக்கு உதவாத நிலம் என்பதால் யாரும் எதிர்க்காமல் ஒதுக்க முடிந்தது. கீழே சமவெளிப் புல்வெளியும் ஆற்றோரச் சதுப்பும் வயலாகிப் போயின. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் மலைமேல் ஃபின்போஸ் புதர்க்காடு ஓரளவு நன்றாகவே காக்கப்படுகிறது, அடிவாரத்து ரெனோஸ்டர்வெல்ட் என்னும் புதர்நிலமோ கோதுமை வயல்களுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தரும் உதாரணம் இது.

கேள்வி: இதை யாராவது அளந்திருக்கிறார்களா?

பதில்: 2004இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, 11,633 முதுகெலும்புள்ள விலங்கினங்கள் வாழும் இடங்களைக் காப்பக வரைபடத்தோடு ஒப்பிட்டது. குறைந்தது 12 சதவீத இனங்கள் எந்தக் காப்பகத்துக்குள்ளும் வரவில்லை.

கேள்வி: அப்போ அதிக இனங்கள் இருக்கும் இடங்களாகப் பார்த்து வரிசையாகப் பிடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: பலரும் சறுக்குவது இங்கேதான். ஒரு கணக்கு போடுங்கள்: முதல் காட்டில் 100 இனங்கள், இரண்டாவதில் 90, மூன்றாவது புல்வெளியில் வெறும் 30. இரண்டாவதில் உள்ள 90இல் 85 முதல் காட்டிலேயே இருக்கின்றன, புல்வெளியின் 30ஓ வேறெங்கும் இல்லை. முதல் காட்டுக்கு அடுத்து நான் கேட்பது புல்வெளியைத்தான், ஏனென்றால் இரண்டாவது காடு புதிதாகச் சேர்ப்பது 5, புல்வெளி சேர்ப்பது 30. இதைத் துறையில் நிரப்புத்தன்மை என்பார்கள். ஏற்கெனவே காப்பில் இருப்பதோடு எது புதிதாகச் சேர்கிறது என்று பார்க்காமல் போடும் பட்டியல், ஒரே வகைக் காட்டையே திரும்பத் திரும்பக் காக்கும்.

கேள்வி: எங்காவது இப்படி முறையாகச் செய்தார்களா?

பதில்: செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பெரிய பவளப்பாறைத் தொடர். அங்கே 70 உயிர்ச்சூழல் பகுதிகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 சதவீதத்தில் மீன்பிடிக்கக் கூடாது என்று வைத்துத் திட்டமிட்டார்கள். 5 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த மீன்பிடியில்லாப் பகுதி 2004இல் சுமார் 33 சதவீதமானது.

கேள்வி: ஒரே பெரிய காப்பகமா, பல சிறியவையா அண்ணா?

பதில்: யாருக்காக என்று முதலில் கேட்க வேண்டும். ஓநாய், யானை போன்றவை பரந்து திரிபவை, சிறு துண்டில் அடைபட்டால் தலைமுறைகளில் தேய்ந்துவிடும். ஒரே ஓடையில் மட்டும் வாழும் தவளைக்கு அந்த ஓடையைச் சுற்றிய சின்னக் காப்பகமே உயிர். அப்புறம், வெப்பம் கூடக்கூட விலங்குகள் மேடு நோக்கி நகர்கின்றன, ஆகவே அடிவாரத்தையும் மலையையும் இணைக்கும் வழித்தடத்தை விட்டுவிட்டு வரைபடம் போடாதீர்கள்.