செட்டிநாட்டு வீட்டில் தங்கி எழுதும் பயிலரங்குக்கு 24,000 ரூபாய் கட்டலாமா?

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் மூன்று நாள் தங்கவைத்து எழுதச் சொல்லித் தருகிறார்களாம், 24,000 ரூபாய் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் வேலை, பாதியில் நிற்கும் நாவல், லீவு போட்டு உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை, இதுதான் உங்கள் நிலைமை என்று வைத்துக்கொள்கிறேன். கட்டாதீர்கள். நான் கட்டியவள்.

எனக்குப் பள்ளத்தூர். அப்பா ஒரு செட்டியார் வீட்டில் முப்பது வருடம் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணக்குப் பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு சிட்டையும் பேரேடும் எழுதுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தப் பெட்டியின் சாய்ந்த மூடிதான் எனக்கு மேசை. அந்த வீட்டுக்கார ஆச்சி காலமானதும் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்பா சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு வந்த நாளை எழுத வேண்டும் என்பது என் இருபது வருட ஆசை. அதே மாதிரி ஒரு வீட்டில் உட்கார்ந்தால் தானாக வந்துவிடும் என்று நம்பி, சீட்டு எடுத்த பணத்தைக் கட்டினேன்.

மூன்று நாளில் எழுத உட்கார்ந்த நேரம் மொத்தம் ஐந்து மணி. மீதியெல்லாம் விருந்து, போட்டோ, ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றித் தளக்கல் செய்வதை வேடிக்கை பார்ப்பது. பதினான்கு பேருக்கு ஒரே ஆசிரியர். என் மூன்று பக்கத்தை அவர் கையில் வாங்கியதே கடைசி நாள் காலையில், காபி குடித்துக்கொண்டே. "நல்லா இருக்கும்மா. பட்டாலை, வளவுன்னா யாருக்கும் புரியாது, ஹால், முற்றம்னு மாத்திடுங்க. கொஞ்சம் மசாலா வாசனை சேருங்க" என்றார். கணக்குப்பிள்ளை உட்கார்ந்த இடத்தில் மசாலா வாசனை எங்கிருந்து வரும்? அங்கே அடித்தது மை வாசனை.

சொல்லிக் கொடுப்பவர்கள் காசு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்கும் தெரியும். போய் வந்து பயனடைந்தவர்கள் இருந்தால் சந்தோஷம், சண்டைக்கு வராதீர்கள். ஆனால் அமெரிக்காவில் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கி வேலை செய்ய மெக்டவல் என்று ஓர் இடம் 1907-லிருந்து நடக்கிறது. எழுதியதைப் படித்துப் பார்த்துத்தான் ஆளை எடுக்கிறார்கள், தங்கவும் சாப்பிடவும் ஒரு காசு வாங்குவதில்லை. எனக்கு இடம் கிடைத்ததோ பணம் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிடத்தில். நான் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் கேட்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்குக் கூட்டிப் போனார்கள். இடித்த வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைத் தரையில் அடுக்கியிருந்தார்கள். ஒன்றின் அடிப்பக்கம், பிள்ளைகளின் உயரத்தை அளந்து ஆணியால் கீறிய கோடுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஆறு. ஒரு வீட்டுக்கு நாற்பது பங்காளி இருப்பார்கள், கூரையில் உடைந்த ஓடு மாற்ற ஒருவர் வரமாட்டார். இடிக்கிறோம் என்றால் மட்டும் நாற்பது கையெழுத்தும் எப்படியோ வந்துவிடுகிறது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சரி, வேறு எங்கே போவது? காரைக்குடியில் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் இருக்கிறது. பங்குனியில் விழா, போய் உட்கார்ந்து கேளுங்கள். தமிழ் வாக்கியம் எப்படி எழுந்து எப்படி இறங்குகிறது என்று காதுக்குப் பிடிபடும். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் இப்போது உங்கள் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. அந்த 24,000-க்குச் சம்பளமில்லாத லீவு போட்டு அங்கே ஒரு வாரம் உட்காருங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதியதை நிதானமாகப் படிக்க ஒரே ஒரு ஆளைத் தேடுங்கள். எனக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கிடைத்தார். என் மூன்று பக்கத்தை இரண்டு வாரம் வைத்திருந்தார். திருப்பிக் கொடுத்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: "சாவியை யார் கையில் கொடுத்தார்?"

எனக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "யாரு கையில குடுத்தாரு? வாங்கிக்க ஒருத்தரும் வரலையே. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, திண்ணையில ஒரு துண்டை விரிச்சு, அதுமேல வச்சுட்டு வந்தாரு" என்றாள் அம்மா. அப்பாவிடம் இருந்தது இரண்டே துண்டு.

இப்போது அது பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது. பட்டாலையைப் பட்டாலை என்றேதான் எழுதியிருக்கிறேன்.