ஹெச்-இன்டெக்ஸ் 40 என்றால் பெரிய ஆளா? புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைக் கணக்கு: கேள்வி பதில்

மருத்துவ ஆராய்ச்சி நூலகம் ஒன்றில் வேலை. ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைப் பட்டியலைத் தொகுப்பதும் சரிபார்ப்பதும்தான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் புற்றுநோய்த் துறையைத் தொட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

முதுகலை மாணவி, கோவை: சார், ஹெச்-இன்டெக்ஸ் என்றால் என்ன? ஒரு தடவை புரியும்படி சொல்லுங்களேன்.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் போட்டுக் கொடுத்த கணக்கு இது. ஒரு கட்டுரையைப் பின்னால் எழுதுபவர்கள் தங்கள் கட்டுரையில் சுட்டினால் அது ஒரு மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளை, அதிக மேற்கோள் வாங்கியதில் தொடங்கி இறங்கு வரிசையில் எழுதுங்கள். வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருக்கும் கடைசி இடம்தான் ஹெச்-இன்டெக்ஸ். 90, 40, 12, 6, 5, 3 என்று வருகிறதென்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு 3தான். ஆக, ஹெச்-இன்டெக்ஸ் 5. முதல் கட்டுரை 90க்குப் பதில் 9,000 வாங்கியிருந்தாலும் அதே 5தான்! இன்னொன்று, இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். முப்பது வயதுக்காரரையும் அறுபது வயதுக்காரரையும் இதை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை.

ஆசிரியர், திருச்சி: புற்றுநோய்த் துறையில் மேற்கோள்கள் குவிந்த கட்டுரை எது? பெரிய கண்டுபிடிப்பாகத்தானே இருக்கும்?

முன்வரிசையில் இருப்பது டக்ளஸ் ஹனஹனும் ராபர்ட் வைன்பெர்க்கும் 2000இல் 'செல்' இதழில் எழுதிய கட்டுரை. புற்றுநோய் செல்லின் ஆறு பொதுக் குணங்களை அதில் தொகுத்தார்கள். 2011இல் அதை விரிவாக்கி மறுபடி எழுதினார்கள், அதுவும் அப்படியே ஓடியது. இரண்டிலும் புதிதாக ஒரு பரிசோதனைகூடக் கிடையாது, இரண்டுமே தொகுப்புரைகள். சிதறிக் கிடந்ததை ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவந்தது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் யார் கட்டுரை எழுதினாலும் முதல் பத்தியில் ஒரு வரிக்கு இதைச் சுட்டிவிட்டுப் போகலாம் என்பதும் எண்ணிக்கை ஏறியதற்கு ஒரு காரணம்.

இதைவிட வேடிக்கை, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் 'சிஏ' இதழ். அந்நாட்டில் இந்த வருடம் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வரும் என்ற மதிப்பீட்டை ஆண்டுதோறும் அதில் போடுகிறார்கள். எல்லோரும் அதை எடுத்தாளுவதால் இதழின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது அதன் சமீபத்திய கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், ஒரு கட்டத்தில் 500ஐத் தாண்டிவிட்டது. அதே சமயத்தில் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழுக்கு 100கூட இல்லை. இதழின் எண்ணை, அதில் எழுதியவருடைய மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நோயாளியின் மகன், சேலம்: அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய். ஒரு டாக்டருக்கு ஹெச்-இன்டெக்ஸ் 40, இன்னொருவருக்கு 6. நாற்பதுக்காரரிடமே போகட்டுமா, ஐயா?

தம்பி, அந்த எண்ணைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அது எழுத்தின் கணக்கு, கையின் கணக்கு இல்லை. இந்த அறுவை சிகிச்சையை வருடத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், கதிர்வீச்சு மருத்துவரும் மருந்து சிகிச்சை மருத்துவரும் கூடி உட்கார்ந்து முடிவெடுப்பீர்களா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம். நாள் தள்ளாமல் சிகிச்சையைத் தொடங்குவது அதைவிட முக்கியம்.

கிராம சுகாதாரச் செவிலியர், தேனி: நம் பக்கத்தில் நடந்த ஆராய்ச்சி ஏதாவது உலக அளவில் பேசப்பட்டிருக்கிறதா, அண்ணா?

பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறதே! திண்டுக்கல்லில் நடந்த கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு, 2007இல் 'லான்செட்' இதழில் வந்தது. பிரான்சின் லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் ஆர். சங்கரநாராயணன் பெயர்தான் கட்டுரையை எழுதியவர்களில் முதலில் இருக்கிறது, அம்பிளிக்கை சுகாதார மையம் களத்தில் நின்றது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். லேப் தேவையில்லை, முடிவுக்காக வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். 30 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 80,000 பெண்களை ஊராட்சி வாரியாக இரண்டு குழுவாகப் பிரித்திருந்தார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன.

2013இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் இந்த முறைக்கு இடம் கொடுத்தது. 2016இல் இந்திய அரசின் வழிகாட்டுதலும் இதையே எடுத்துக்கொண்டது. பரிசோதனை செய்யாமல் ஒரு குழுவை வைத்தது நியாயமா என்று இந்திய ஆய்வுகள் மேல் கடும் விமர்சனமும் வந்தது. இப்போது கணக்கைப் பாருங்கள். விமர்சித்து எழுதிய கட்டுரையும் ஒரு மேற்கோள்தான். ஒரு செவிலியர் முகாமில் உட்கார்ந்து நூறு பேரைப் பரிசோதித்தால் அது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

ஆய்வு மாணவர், புதுச்சேரி: மூன்று வருடமாக என் கட்டுரையை யாரும் சீந்தவில்லை. விட்டுவிடலாமா?

அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெய்டன் ரௌஸ், கோழியின் கட்டியை அரைத்து, செல்கள் போகாதபடி வடிகட்டி, அந்தச் சாற்றால் வேறு கோழிக்குப் புற்று வரவைத்ததை 1911இல் எழுதினார். வைரஸால் புற்று வருமா என்று துறையே நம்பவில்லை. அவரும் பல வருடம் வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். நோபல் வந்தது 1966இல், 87 வயதில். உங்களையும் 55 வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. மூன்று வருடம் பெரிதில்லை என்கிறேன்.

கணினித் துறை ஊழியர், சென்னை: மேற்கோள் அதிகம் என்றால் ஆராய்ச்சி சரியானது என்றாவது நம்பலாமா?

அதுவும் முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் அனில் பொட்டி 2006இல் 'நேச்சர் மெடிசின்' இதழில், கட்டியின் மரபணுச் செயல்பாட்டை வைத்தே எந்த மருந்து வேலை செய்யும் என்று சொல்லலாம் என எழுதினார். பரபரப்பாக மேற்கோள் காட்டினார்கள், நோயாளிகளைச் சேர்த்துச் சோதனையும் தொடங்கிவிட்டார்கள். எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். மரபணுப் பட்டியல் அட்டவணையில் ஒரு வரி கீழே நழுவியிருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் செல், கட்டுப்படாத செல் என்ற அடையாளங்களும் சில இடங்களில் இடம் மாறிக் கிடந்தன. 2011இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2015இல் அமெரிக்க ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் முறைகேடு நடந்ததாகவே அறிவித்தது. நீங்கள் அட்டவணையோடு மாரடிப்பவர் என்பதால் சொல்கிறேன்: ஒரு வரி!

உதவிப் பேராசிரியை, மதுரை: என் இனிஷியலும் பெயரும் இன்னும் பலருக்கு இருக்கிறது. அவர்கள் கட்டுரையெல்லாம் என் கணக்கில் சேர்கிறது.

நம் ஊர்ப் பெயருக்கு இது தீராத தலைவலி. ஒரு இதழ் இனிஷியலை முன்னால் போடும், இன்னொன்று அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடும். ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இலவசமாகக் கிடைக்கிறது, இன்றே எடுத்துவிடுங்கள். இனி அனுப்பும் எல்லாக் கட்டுரையிலும் ஒரே மாதிரிப் பெயர் போடுங்கள். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் கூகுள் ஸ்காலர் தளத்தின் உங்கள் பக்கத்தில் உங்களுடையது அல்லாதவற்றை நீங்களே நீக்கலாம். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை.

பத்திரிகை நிருபர், சென்னை: ஒரு ஆராய்ச்சியாளரைப் பற்றி எழுத வேண்டும். அரை மணி நேரத்தில் என்ன பார்ப்பது?

மொத்த எண்ணைக் குறித்துக்கொண்டு அப்புறம் மறந்துவிடுங்கள். கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற மேற்கோள் கணக்கிடும் தளங்கள் மூன்றும் மூன்று எண் சொல்லும், எதிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். பிறகு, அதிக மேற்கோள் வாங்கிய ஐந்து கட்டுரைகளைத் திறங்கள். அவர் பெயர் முதலில் இருந்தால் பெரும்பாலும் வேலையைச் செய்தவர், கடைசியில் இருந்தால் குழுவின் தலைவர், நாற்பது பேருக்கு நடுவில் இருந்தால் அவரிடமே கேளுங்கள், "இதில் உங்கள் பங்கு என்ன?" ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தலைப்போடு சேர்த்தே போட்டிருப்பார்கள்.